கோடு போட்ட ஒன்பது நாள்கள்

எங்கள் ஊரில் வருஷத்துக்கு இரண்டு மாதம் காற்று விடுப்பில் போய்விடும். நாலு பக்கமும் மேடென்று சொல்ல ஒரு மண்குவியல்கூட இல்லாத சமவெளி. ஊரைச் சுற்றி இரும்பு உருக்கும் உலைகள், செங்கல் சூளைகள், சாயப்பட்டறைகள். குளிர் இறங்கியதும் புகை மேலே போகாமல் தெருவிலேயே குடியேறிவிடும். இதற்கு மூட்டம் என்று பெயர். "மூட்டம் முடியட்டும், கல்யாணத்தை வெச்சுக்கலாம்" என்பார்கள். "மூட்டத்துக்கு முன்னாடி வீட்டுக்கு வெள்ளையடிச்சுடாதே, வேஸ்ட்டு" என்பார்கள். வெயில், மழை மாதிரி அதையும் ஒரு பருவமாக ஜனங்கள் ஏற்றுக்கொண்டாகிவிட்டது.

அந்தக் காற்றை எடை போட்டுச் சம்பளம் வாங்கியவன் நான். இருபத்தொன்பது வருஷம் ஒரே அறை, ஒரே தராசு. என்னைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை; இருப்பதும் எழுதும்படியாக இல்லை. இது பேப்பர் அக்காவைப் பற்றியது.

அக்கா பேப்பர் போடுகிறவர் என்றுதான் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் நினைத்துக்கொண்டிருந்தார்கள். பெயரும் அவர்கள் வைத்ததுதான். உண்மையில் அந்தப் பள்ளிக்கூடத்தின் மொட்டை மாடியில் காற்றின் மாசை அளக்கும் எங்கள் ஆபீஸின் மெஷின் ஒன்று இருந்தது. தகரக் கூரை போட்ட பெட்டி, உள்ளே மோட்டார். பெட்டியின் தலையில் ஒரு வெள்ளைக் காகிதத்தை விரித்து மூடிவிட்டால், மோட்டார் இருபத்திநாலு மணி நேரம் அந்தக் காகிதம் வழியாகக் காற்றை உறிஞ்சும். தூசு காகிதத்தில் தங்கும். காலை பத்து மணிக்கு அக்கா இரும்பு ஏணியில் ஏறி, பழைய காகிதத்தை எடுத்துவிட்டுப் புதியதை வைப்பார். பதினொரு மணிக்கு என் மேஜைக்கு வந்துவிடும். புதுக் காகிதத்தின் எடையைக் கழித்தால் கிடைப்பது அன்றைக்கு ஊர் குடித்த தூசு. மெஷின் உறிஞ்சிய காற்றின் அளவால் அதை வகுத்தால் அன்றைய எண். இவ்வளவுதான் விஞ்ஞானம்.

காகிதத்தைக் கையால் தொடக்கூடாது. விரல் பிசுக்கும் எடையில் சேர்ந்துவிடும். இடுக்கியால் ஓரத்தைப் பிடித்துத்தான் எடுக்க வேண்டும். பதினாறு வருஷம் அப்படியே பழகிப்போய், அக்கா எதை எடுத்தாலும் ஓரம் பிடித்துத்தான் எடுப்பார். கல்யாணப் பத்திரிகை, பஸ் டிக்கெட், பக்கத்து வீட்டுக் குழந்தையின் பிராக்ரஸ் கார்டு எல்லாமே கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்த நுனியில்தான். "ஏன்கா, பத்திரிகை கடிச்சுடுமா?" என்று ஆபீஸில் கேலி செய்வோம். சிரிப்பாரே தவிர, பழக்கத்தை விட்டதில்லை.

அவருக்கு இன்னொரு வித்தை தெரியும். காகிதத்தின் நிறத்தைப் பார்த்தே எண்ணைச் சொல்லிவிடுவார். "இன்னைக்கு இருநூத்தி அறுபது இருக்கும் சார்." ஈரம் போனபின் மறுநாள் தராசில் போட்டுக் கணக்குப் பார்த்தால் இருநூற்று ஐம்பத்தெட்டு வரும். தோற்றவர் டீ வாங்கித்தர வேண்டும் என்று எங்களுக்குள் ஒரு பந்தயம். பதினாறு வருஷத்தில் நான் டீ வாங்கியே ஓய்ந்தேன்.

அக்கா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அம்மா போனபோது தங்கைக்கு ஏழு வயது. அவளை வளர்த்து, படிக்கவைத்து, ஒரு லாரி டிரைவருக்குக் கட்டிக்கொடுத்தார். மாப்பிள்ளை நல்லவர், மாதத்தில் இருபத்தைந்து நாள் ஊரில் இருக்க மாட்டார். தங்கை குடியிருந்தது உலைகளுக்குப் பின்பக்கத் தெருவில். உலையில் வேலை செய்கிறவர்களுக்குக் கையுறை தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். நாலைந்து வருஷமாக மூட்டம் வந்தால் அவளுக்கு மூச்சு வராது. தையல் மெஷின்மேல் கவிழ்ந்து படுத்துக்கொண்டு, தோளைத் தூக்கித் தூக்கி, ஒவ்வொரு மூச்சையும் கிணற்றில் தண்ணீர் இறைப்பதுபோல இறைத்துக்கொண்டிருப்பாள். நான் ஒருமுறை பார்த்திருக்கிறேன். இரண்டு நிமிஷத்துக்குமேல் நிற்க முடியாமல் வெளியே வந்துவிட்டேன்.

"என் வீட்டுக்கு வந்துடுடி" என்று அக்கா கூப்பிடுவார்.

"உன் வீட்டுல மட்டும் வேற காத்தா அடிக்குது? உன் பேப்பரே சொல்லுதே" என்பாள் அவள்.



ஒரு வருஷம் மூட்டம் முடிந்ததும் டாக்டர் எக்ஸ்ரேயை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்துவிட்டுச் சொல்லிவிட்டார். "இன்னும் ஒரு மூட்டத்தை இந்த நுரையீரல் தாங்காது. காத்து மாறணும். இல்லேன்னா ஆள் மாறணும்." ஆள் எங்கே போவாள்? அப்போதுதான் அந்தத் தெருக்காரர்கள் சேர்ந்து மனு எழுதினார்கள். விதி ஒன்று இருக்கிறது: ஒரு மூட்டத்தில் ஐந்து நாள் எங்கள் மெஷின் காட்டும் எண் முந்நூறைத் தாண்டினால், அடுத்த மூட்டத்துக்கு உலைகள் அறுபது நாள் அணைந்திருக்க வேண்டும். மனுவில் முதல் கையெழுத்து தங்கையுடையது. உலை நின்றால் அவளுடைய கையுறைத் தையலும் நிற்கும். "தைக்கலேன்னா பசிக்கும். பசி மூச்சை அடைக்காதுல்ல?" என்று சொல்லிக்கொண்டே போட்டாளாம்.

எங்கள் ரெஜிஸ்டரில் அந்த மூட்டத்தில் முந்நூறைத் தாண்டிய நாள்கள் நாலு.

நாலுதானா என்று நீங்கள் கேட்கலாம். கண்ணை இருட்டும் அந்த மூட்டத்தில் நாலே நாள்தானா? அங்கேதான் எங்கள் ஆபீஸின் சாமர்த்தியம் இருக்கிறது. காற்று ரொம்பவும் மோசமாகிவிட்டால் காகிதம் அடைத்துக்கொள்ளும். அடைத்த காகிதத்தின் வழியாக இழுக்க முடியாமல் மோட்டார் சூடேறி நின்றுவிடும். எட்டு மணி நேரம், பத்து மணி நேரம் ஓடிவிட்டு நிற்கும். பதினெட்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஓடிய நாள் கணக்கில் சேராது என்பது விதி. எண் எழுத வேண்டிய கட்டத்தில் ஒரு கோடு. ஆக, கெட்ட நாளுக்கு எண் உண்டு. படுகெட்ட நாளுக்குக் கோடுதான். இதை யோசித்து எழுதியவன் கெட்டிக்காரனா, யோசிக்காமல் எழுதிய மடையனா என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

கோடு போடுவது என் வேலை. பக்கத்துக் கட்டத்தில் மெஷின் நின்ற காரணத்தை எழுதிக் கையெழுத்துப் போடுவது அக்காவின் வேலை. வேலையில் சேர்ந்த முதல் வருஷம் அவர் உள்ளதை உள்ளபடி எழுதினார்: 'காகிதம் அடைத்தது.' உடனே மேலிடத்திலிருந்து மூன்று பக்கத்துக்கு ஒரு படிவம் வந்தது. மெஷினில் கோளாறு இருக்கலாம் என்று அதைக் கழற்றித் தலைமை ஆபீஸுக்கு எடுத்துப் போனார்கள். திரும்பி வர இருபது நாள். அதற்குமேல் அக்காவுக்கு ஒரு மெமோ, பராமரிப்பில் அலட்சியம் என்று.

அன்று அவர் கண் கலங்கி நின்றபோது வழி சொன்னது நான்தான். "அக்கா, பேசாம மின்தடைன்னு எழுதிட்டுப் போங்க. எல்லாரும் அப்படித்தான் எழுதறாங்க. கரன்ட் வந்து சாட்சி சொல்லவா போகுது?"

அதிலிருந்து அக்கா மின்தடை என்று எழுதினார். படிவம் இல்லை, மெமோ இல்லை, மெஷினும் மாடியை விட்டு இறங்கவில்லை. எல்லாருக்கும் நிம்மதி. அந்த மூட்டத்தில் அப்படி ஒன்பது மின்தடை. ஒன்பது கோடு.

மனுமீதான விசாரணைக்கு முந்தின நாள் அக்கா என் அறைக்கு வந்தார். "சார், அந்த ஒன்பது காகிதமும் இருக்குமா? இப்போ எடை போட்டா தெரிஞ்சுடுமே. எத்தனை மணி நேரம் ஓடுச்சுன்னு ரெஜிஸ்டர்ல இருக்கு."

"கணக்குல வராத காகிதத்தை யாருக்கா வெச்சுக்கறாங்க? அப்பவே குப்பைக்குப் போயாச்சு" என்றேன்.

"ஒண்ணு இருந்தாப் போதும் சார். நாலோட ஒண்ணு சேர்ந்தா அஞ்சு."

ஒன்றுகூட இல்லை. நான் சுத்தமான ஆள். மேஜையில் வேண்டாத எதையும் தங்கவிடுவதில்லை.

விசாரணை எங்கள் ஆபீஸ் கூட்ட அறையிலேயே நடந்தது. விசாரணை அதிகாரி நடுவில். ஒரு பக்கம் உலை முதலாளிகளின் வக்கீல், அவருக்குப் பின்னால் மின்வாரிய இன்ஜினீயர் ஒருவர். இன்ஜினீயர் எதற்கு என்று பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. எதிர்ப் பக்கம் தெருக்காரர்கள். மூன்றாவது வரிசையில் தங்கை, வாயில் துண்டை அழுத்திக்கொண்டு. நான் ரெஜிஸ்டரை மடியில் வைத்துக்கொண்டு ஓர நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.

வக்கீல் குரலை உயர்த்தவே இல்லை. பால்காரரிடம் பால் கேட்பது போலக் கேட்டார். "இந்த ஒன்பது நாளும் மின்தடைன்னு எழுதியிருக்கு. உங்க கையெழுத்துதானேம்மா?"

"ஆமாங்க."

இன்ஜினீயர் எழுந்து ஒரு தாளைப் படித்தார். அந்த ஒன்பது நாளும் அந்தப் பகுதியில் ஒரு நிமிஷம்கூட மின்சாரம் நிற்கவில்லை. கரன்ட் வந்து சாட்சி சொல்லிவிட்டது.

"அப்போ மெஷின் ஏம்மா நின்னுச்சு? சுவிட்ச் போட மறந்துட்டீங்களா? இல்ல, மாடி ஏறச் சோம்பலா?"

அக்கா ஒருமுறை தங்கையைப் பார்த்தார். பிறகு அதிகாரியைப் பார்த்துச் சொன்னார். "மறக்கலைங்க. ஒருநாள்கூட ஏறாம இருந்ததில்ல. காத்துல அழுக்கு ஜாஸ்தி, காகிதம் அடைச்சு மெஷின் நின்னுபோச்சு. அந்த ஒன்பது நாளும் முந்நூறு இல்லைங்க, அறுநூறைத் தாண்டியிருக்கும். நான் கண்ணால பார்த்தேன்."

"அப்போ மின்தடைன்னு எழுதினது?"

"பொய்ங்க."

வக்கீல் அதிகாரியின் பக்கம் திரும்பினார். "ஐயா இதைக் குறிச்சுக்கணும். ஒன்பது நாள் பொய் எழுதின கை, மத்த நாளெல்லாம் உண்மை எழுதியிருக்கும்னு எப்படி நம்பறது? அந்த நாலு நாளும் நாலுதானா, இல்ல ஒண்ணுமே இல்லையா?"

அதிகாரி கெட்டவர் இல்லை. பேனாவை மூடிவிட்டு நிதானமாகக் கேட்டார். "இப்படி எழுதச் சொல்லி யாராவது சொன்னாங்களாம்மா? ஆபீஸ்ல இது வழக்கமா?"

அக்கா என் பக்கம் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் எழுந்திருப்பேனோ என்னவோ. அவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பத்து நொடி இருக்கும். எனக்கு ஓய்வுபெற இரண்டு வருஷம் பாக்கி. எழுந்து, 'நான்தான் சொன்னேன், எங்கள் ஆபீஸின் எல்லா மெஷினுக்கும் இதே கதைதான், வேண்டுமானால் எல்லா ரெஜிஸ்டரையும் கொண்டுவந்து பாருங்கள்' என்று சொல்ல ஒரு நிமிஷம் போதும். ரெஜிஸ்டரின் நாடாவை அவிழ்த்து மறுபடியும் கட்டிக்கொண்டிருந்தேன்.

"இல்லைங்க. நானாதான் எழுதினேன்" என்றார் அக்கா.

அந்த மூட்டத்தின் ரெஜிஸ்டர் முழுவதுமே நம்பத்தகுந்ததல்ல என்று உத்தரவு வந்தது. நாலும் போயிற்று. மனு தள்ளுபடி. அக்காவுக்கு இரண்டாவது மெமோ. வேலையை விட்டு நீக்கியிருப்பார்கள். ஆனால் அந்த இரும்பு ஏணியில் தினமும் ஏற வேறு யாரும் சம்மதிக்கவில்லை.

உத்தரவு வந்த அன்று மாடிப்படியில் அவரை மடக்கி, மன்னிப்புக் கேட்கிற மாதிரி என்னவோ உளறினேன். "என் பேரைச் சொல்லியிருக்கலாமேக்கா."

"நீங்களே சொல்வீங்கன்னு இருந்தேன் சார்" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். நேற்று மழை வரும் என்று இருந்தேன் என்பதுபோலச் சொல்லிவிட்டு இறங்கிப் போனார். டீ பந்தயம் அத்தோடு நின்றது.

அடுத்த மூட்டம் சொல்லிவைத்த மாதிரி வந்தது. உலைகள் எரிந்தன. இருபதாம் நாள் சாயங்காலம் தங்கை போய்விட்டாள். தையல் மெஷின்மேல் கவிழ்ந்தபடியே. அக்கா பக்கத்தில் இருந்தாராம், முதுகைத் தடவிக்கொண்டு.

அதற்கப்புறம் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது சுலபம். அக்கா ரெஜிஸ்டரில் இந்த முறை உண்மையை எழுதினார். விதிப்படி அதிலிருந்து நாலாம் நாள் ஆட்கள் வந்து மெஷினைப் பரிசோதனைக்குக் கழற்றிப் போனார்கள். அது ஒன்றரை மாதம் கழித்துத் திரும்பி வந்தபோது மூட்டம் கலைந்து வானம் நீலமாக இருந்தது. மோசமான நாள்களுக்கெல்லாம் எண்ணே இல்லாததால் அந்த வருஷத்துச் சராசரி பத்து வருஷத்தில் இல்லாத அளவு இறங்கியது. காற்றைத் திருத்திய ஊர் என்று எங்களுக்கு ஒரு பாராட்டுப் பத்திரம் கொடுத்து, கண்ணாடிச் சட்டம் போட்டு என் தராசுக்கு மேலேயே மாட்டினார்கள். நான் ஓய்வுபெற்ற அன்று மேலதிகாரி பேசும்போது, ஒரு மில்லிகிராம்கூடத் தவறாத மனிதர் என்றார். எல்லாரும் கைதட்டினார்கள். நானும் வணக்கம் சொன்னேன்.

இனிச் சொல்ல வேண்டியது சுலபமில்லை.

தங்கை இறந்த மறுநாள் காலை. அக்கா வர மாட்டார் என்று நினைத்திருந்தேன். பதினொரு மணிக்கு வந்து நின்றார். தலை சீவாமல், முந்தின நாள் சேலையோடு. பத்து மணிக்கு ஏணியில் ஏறிக் காகிதத்தை மாற்றிவிட்டு நேரே வந்திருக்கிறார். உறையை என் மேஜையில் வைத்தார். உள்ளே இருந்த காகிதத்தில் வெள்ளை என்று ஓரத்து மடிப்பில் மட்டும்தான் இருந்தது.

"ஒன்பது மணி நேரம்தான் ஓடியிருக்கு சார். நேத்து பத்துல இருந்து சாயங்காலம் ஏழு வரைக்கும்."

"அக்கா, இது கணக்குல வராதே."

"தெரியும் சார். கணக்குக்குக் கேக்கல. கடைசியா அவ எதை மூச்சா இழுத்தான்னு எனக்குத் தெரியணும்."

எனக்குத் தப்பிக்க ஒரு வழி இருந்தது. "ஈரம் போகணுமேக்கா. பெட்டியில வெச்சு இருபத்திநாலு மணி நேரம் ஆகணும். நீங்க இப்போ வீட்டுக்குப் போங்க, அங்கே எல்லாம் காத்துக்கிட்டு இருப்பாங்க."

"நாளைக்கு இதே நேரம் வரேன்" என்றார்.

தங்கையை அடக்கம் செய்துவிட்டு, மறுநாள் சரியாகப் பதினொரு மணிக்கு வந்தார். கையில் அன்றைக்கு எடுத்த காகிதத்தின் உறையும் இருந்தது. அதை ஓரமாக வைத்துவிட்டு, நின்றுகொண்டே இருந்தார். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

நான் இடுக்கியால் காகிதத்தை எடுத்துத் தராசில் வைத்தேன். மூன்று முறை எடை போட்டேன். கணக்கை இரண்டு முறை போட்டுப் பார்த்தேன். பழைய நாளாக இருந்தால் அதற்குள் அக்கா எண்ணைச் சொல்லியிருப்பார்.

"சொல்லுங்க சார்."

"ஆயிரத்து நாப்பது."

அப்படி ஓர் எண் அந்த அறையில் அதுவரை உச்சரிக்கப்பட்டதில்லை. அக்கா தலையை மட்டும் ஆட்டினார். அழவில்லை.

"ஒரு சீட்டுல எழுதிக் குடுங்க சார். தேதி போட்டு, கையெழுத்தும் போட்டு."

"எதுக்குக்கா? எங்கே காட்டப் போறீங்க?"

"எங்கேயும் இல்ல. அவ எக்ஸ்ரே இருக்கிற உறையில வெச்சுக்கறேன். என்ன ஆச்சுன்னு வீட்டுலயாவது இருக்கட்டும்."

எங்கள் அறையில் ஒரு வழக்கம் உண்டு. கூட்டல் கழித்தலை, அழித்துவிடக்கூடியதைப் பென்சிலில் எழுதுவோம். ரெஜிஸ்டரில் ஏறுவதைப் பேனாவில் எழுதுவோம். பேனா என் சட்டைப் பையில் இருந்தது. விசாரணை, இன்ஜினீயர், வக்கீல், ஓய்வுபெறப் பாக்கியிருந்த பதிமூன்று மாதம் எல்லாம் ஒன்றாக என் கண்முன் வந்து நின்றன. என் கை மேஜைமேல் கிடந்த பென்சிலை எடுத்தது. தேதி எழுதினேன். ஆயிரத்து நாற்பது என்று எழுதினேன். கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தைக் காலியாக விட்டு நீட்டினேன்.

அக்கா அதை வழக்கம்போல ஓரம் பிடித்து வாங்கினார். ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்தார். எழுத்து என் பக்கம் இருக்கும்படி அதை என் மேஜையிலேயே வைத்தார். அப்புறம், ஓரமாக வைத்திருந்த அன்றைய உறையை எடுத்துத் திறந்து காட்டினார். அதுவும் கறுப்பு.

"இது பத்து மணி நேரம் ஓடியிருக்கு. இதுவும் கணக்குல வராது" என்றார். "கோடு போட்டுடுங்க சார். அதைப் பேனாவாலதானே போடுவீங்க?"

ரெஜிஸ்டரைத் திறந்தேன். பேனாவை எடுத்து, தேதிக்கு நேரே கோடு போட்டேன்.